அடுத்த கப்பலில் கிடைத்த அறை

ஐயா, அம்மா, இதைப் படிக்க நேரம் ஒதுக்கிய தங்களுக்கு மரியாதை கலந்த சலாம். ஒரு கப்பலில் இடம் போதாமல் போனபோது அடுத்த கப்பலுக்கு மாறிக்கொள்வதா வேண்டாமா என்று நானும் என் தமக்கையாரும் பம்பாயில் ஒரு பகற்பொழுதில் எடுத்த முடிவைப் பற்றி எழுதுகிறேன். இதில் பெரிய விபத்து எதுவும் இல்லை. கப்பல் மூழ்கவில்லை, எங்களை ஒருவரும் ஏமாற்றவும் இல்லை. இருந்தும் அந்த முடிவு இத்தனை ஆண்டுகளாக என்னோடு ஒரே வீட்டில் குடியிருந்து வருகிறது.

அறுபதுகள் முடிந்து எழுபதுகள் பிறந்த சமயம் அது. தருமபுரிக் கடைவீதியில் எனக்குப் புளி மண்டி இருந்தது. பாப்பாரப்பட்டிச் சந்தையிலும் கடத்தூர்ச் சந்தையிலும் குடியானவர்கள் கொண்டுவரும் புளியை வாங்கி, கொட்டை எடுக்கச் செய்து, சிப்பம் கட்டி வெளியூர்களுக்கு அனுப்புவேன். என் தமக்கையார் என்னைவிடப் பல ஆண்டுகள் மூத்தவர். மணமான சில ஆண்டுகளிலேயே கணவரை இழந்து, பிள்ளையில்லாமல் எங்கள் வீட்டுக்குத் திரும்பிவந்தவர். தாயார் காலமான பின் எனக்குத் தலைவாரி விட்டவரும், பிற்காலத்தில் என் பிள்ளைகளுக்குத் தலைவாரி விட்டவரும் அவரே. தமக்கென்று எதையும் கேட்டறியாத அவர், முடி பாதிக்குமேல் நரைத்த பிறகு ஒருநாள் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே ஒன்றைக் கேட்டார்.

"ஹஜ்ஜுக்குப் போகணும்டா. போனா மதீனாவையும் பாத்துட்டுத்தான் வரணும்."

எங்கள் மார்க்கத்தில் பெண் அந்தப் பயணத்தைத் தனியே செய்வதில்லை. கணவனோ, தகப்பனோ, மகனோ, உடன்பிறந்தவனோ துணையாக வர வேண்டும். அவருக்கு இருந்த ஒரே துணை நான். விண்ணப்பம் கொடுத்தோம். முதல் ஆண்டு குலுக்கலில் எங்கள் பெயர்கள் வரவில்லை. அடுத்த ஆண்டு வந்தன.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவரிடம், போக இயலாதவர்கள் தம் சலாத்தைக் கொடுத்தனுப்புவார்கள். மதீனாவில் நபிகள் நாயகம் அடங்கியிருக்கும் இடத்தின் முன் நின்று, இன்ன ஊரிலிருந்து இன்னார் தங்களுக்குச் சலாம் சொன்னார் என்று ஒவ்வொருவர் பெயரையும் தனித்தனியே எடுத்துச் சொல்ல வேண்டும். அதை அமானத்து என்போம். நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருள் என்று அதற்கு அர்த்தம். ஆண்கள் மாலையைப் போட்டு, "எல்லாருக்கும் சேத்து துஆ கேளுங்க பாய்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். பெண்கள் அப்படியல்ல. ஒரு வாரம் முழுதும் எங்கள் வீட்டுச் சமையற்கட்டில் அக்காவின் முன்னால் வந்து உட்கார்ந்து, தம் சலாத்தையும் தம் மகளுடைய சலாத்தையும் வாழ்க்கைப்பட்டுப் போன தங்கையின் சலாத்தையும் ஒவ்வொன்றாகக் கொடுத்தார்கள்.

என் மூத்த மகள் அவற்றை எழுதிக்கொள்ளலாம் என்று பென்சிலோடு வந்தாள். அக்கா விடவில்லை.

"காயிதத்துல எழுதினா காயிதம் சொன்ன மாதிரி ஆயிடும் கண்ணு. அவங்க வாயால குடுத்தாங்க. வாயாலயே போய்ச் சேரட்டும்."

எங்கள் தெருவின் கோடியில் பித்தளைப் பாத்திர வியாபாரியின் வீடு. அவர் மனைவி அக்காவின் சிறுவயதுத் தோழி, நெஞ்சுநோயால் படுக்கையிலேயே இருந்தார். அவரால் வர முடியாதென்று அக்காதான் அங்கே போனார். துணைக்குப் போன நான் வாசலில் நின்றேன்.

"நான் எங்க போறது, கக்கூசுக்குப் போகவே ரெண்டு ஆளு வேணும். எஞ் சலாமாவது கப்பல் ஏறட்டும். வழியில எங்கியாவது எறக்கி வெச்சிட்டு பாக்கு மென்னுட்டு உக்காந்திராதடி" என்றார் அந்த அம்மையார். உள்ளேயிருந்து இருவரும் சிரிப்பது கேட்டது.

கடத்தூருக்கு அப்பால் ஒரு சிற்றூரிலிருந்து எங்கள் மண்டிக்குப் புளி கொண்டுவரும் கவுண்டர் வீட்டு அம்மாளும் சேதி கேள்விப்பட்டு உள்ளே வந்தார். "எங்க சாமி வேற, உங்க சாமி வேறதானுங்க. இருந்தாலும் அவ்வளவு தூரம் போறீங்க. பெரியவங்ககிட்ட எம் பேரையும் ஒரு வார்த்த சொல்லிப் போடுங்கக்கா" என்றார். அக்கா அவர் பெயரை இரண்டு முறை திருப்பிச் சொல்லிப் பார்த்து, சரியென்று தலையசைத்தார்.

மொரப்பூரில் ரயில் ஏறினோம். ஜோலார்பேட்டையிலும் அரக்கோணத்திலும் மாறிப் பம்பாய் சேரும்வரை அக்கா ஒவ்வொரு விடியலிலும் தொழுதபின் அந்தச் சலாம்களை ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பார்ப்பார். தெருவின் ஒரு முனையில் தொடங்கி வீடு வீடாக நடந்துவருவதுபோல அவர் உதடுகள் அசையும். எந்த வீட்டில் யார் யார் கொடுத்தார்கள் என்பது அந்த வரிசையில் தவறாது. இடையில் நான் டீ வேண்டுமா என்று கேட்டால் கையைக் காட்டி நிறுத்துவார். முடிந்த பிறகே பதில் வரும்.

பம்பாயில் பயணிகள் தங்கும் முசாபர்கானா நிரம்பி வழிந்தது. வராந்தாவிலும் மாடிப்படியிலும் மூட்டைகளுக்கு நடுவே ஜனங்கள் படுத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள், ஊறுகாய் எல்லாவற்றையும் ஊரிலிருந்தே சுமந்து போவார்கள். எங்களிடம் கூடுதலாக ஒரு தகர டப்பா நிறையப் புளி இருந்தது. கடல் குமட்டலுக்கு ஆகும் என்று நான் எடுத்துக்கொண்டது. எங்கள் பக்கத்தில் இடம் பிடித்திருந்தவர் வாணியம்பாடித் தோல் வியாபாரி ஒருவர். மனைவியோடு வந்திருந்தார். நன்றாக உருது பேசுவார். அலுவலகத்தில் என்ன சொன்னாலும் எங்களுக்குத் தமிழில் எடுத்துச் சொல்லும் உபகாரத்தைத் தாமாகவே ஏற்றுக்கொண்டார்.

நாங்கள் ஏறவேண்டிய கப்பல் புறப்படுவதற்கு இரண்டொரு நாள் முன்பு, முற்றத்தில் மேசை போட்டு அமர்ந்த ஒரு குமாஸ்தா உரக்க ஒரு அறிவிப்பைச் செய்தார். அந்த ஆண்டு ஒரு கப்பல் பழுதுபார்ப்பில் இருந்துவிட்டதாம். இந்தக் கப்பலில் படுக்கைகளுக்கு மேல் ஆட்கள் சேர்ந்துவிட்டார்களாம். மனமொப்பி அடுத்த கப்பலுக்கு மாறிக்கொள்கிறவர்களுக்கு, அதே கட்டணத்தில், கீழ்த்தளத்துப் படுக்கைக்குப் பதிலாக மேல்தளத்தில் தனி அறை கிடைக்கும். இரண்டு கட்டில், மின்விசிறி, தண்ணீர்க் குழாய், கடலைப் பார்த்த கண்ணாடி ஜன்னல் எல்லாம் அதில் உண்டு. பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன் வந்து சொல்ல வேண்டும்.

வாணியம்பாடிக்காரர் இதைச் சொல்லி முடித்துவிட்டுச் சிரித்தார். "இன்னா பாய், ராஜா மாதிரி ரூமுல படுத்துக்கினு போகப் போறீங்களா? நான் மாட்டேம்பா. கெடச்ச எடத்துல கால நீட்டிட்டுப் போய்ச் சேர்ந்துடுவேன். அடுத்த கப்பலு எப்ப வரும்னு அந்தக் கப்பலுக்கே தெரியாது."

"கீழ்த்தளம் எப்படி இருக்கும், பாத்தீங்களா?" என்றேன்.

"போன வருசம் எங்க மாமா போனாரு. செங்குத்தா இரும்பு ஏணி. ஆடு எறக்கற மாதிரி எறங்கணும். மேலயும் கீழயும் அடுக்கு அடுக்கா படுக்கை. வயசானவங்களுக்குக் கொஞ்சம் கஷ்டந்தான்."

அக்காவுக்கு முழங்கால்வலி. தரையில் உட்கார்ந்தால் கையூன்றித்தான் எழுவார். அவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வெயில் விழாத ஓரத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அடுத்த கப்பலு எப்போ?"

"பத்துப் பன்னெண்டு நாள்ல வந்துரும்ங்கறாங்க."

"மதீனா?"

"இந்தக் கப்பல்ல போனா முன்னாடியே மதீனா. அதுல போனா ஹஜ்ஜு முடிஞ்சப்புறம் மதீனா. அவ்வளவுதான் வித்தியாசம்."

"முன்னாடின்னா முன்னாடிதாண்டா. அப்புறம்னா என்னைக்கின்னு யாரு கண்டா?"

"அக்கா, இரும்பு ஏணி. செங்குத்தா எறங்கணுமாம்."

"நம்மூட்டு மச்சுக்கு நானு எறக்கை கட்டியா பறந்து போறேன்? வடகத்த யாரு காயப் போடறது?"

"அதுக்குக் கைப்பிடிச் செவுரு இருக்குதுல்ல. இது ஆடற கப்பலு. நீ விழுந்துட்டீன்னா ஹஜ்ஜும் இல்ல, மதீனாவும் இல்ல."

அவர் அரிசியிலிருந்து ஒரு கல்லை எடுத்து எறிந்துவிட்டு என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். நான் இன்னும் பேசினேன். ஜன்னலைப் பற்றிச் சொன்னேன், மின்விசிறியைப் பற்றிச் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கே அந்த அறை கண்ணில் தெரிந்தது. எங்கள் வீட்டில் அக்கா படுத்துறங்கியது சமையற்கட்டை ஒட்டிய ஒரு சிறு அறை. ஒரு பக்கம் நெல் மூட்டை, மறுபக்கம் புளிச் சிப்பம். நல்ல அறையை நானும் என் மனைவியும் வைத்துக்கொண்டிருந்தோம். அதை அவர் ஒருநாளும் கேட்டதில்லை. நானும் ஒருநாளும் கொடுத்ததில்லை. அத்தனை ஆண்டுகளை ஒரு வாரத்துக் கப்பல் அறையால் நேராக்கிவிடலாம் என்று எனக்குள் யாரோ கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கு அப்போது எனக்குப் பாசமாகவே பட்டது.

அக்கா சிரித்தார். "உனக்கு அந்த ரூமு புடிச்சுப் போச்சு. சரி, மாத்திக்கோ. நீ வாங்கிக் குடுக்கறத நானு வேணாமுன்னா உம் மூஞ்சி வாடிப் போயிடும். அத ஒரு மாசத்துக்குப் பாத்துட்டு இருக்க என்னால ஆகாது."

இதுதான் நடந்தது. அவர் சம்மதித்தார் என்று நான் சொன்னால் பொய்யாகாது. அவர் எதற்காகச் சம்மதித்தார் என்பதையும் அவரே சொல்லிவிட்டார். அந்த வாக்கியத்தைக் கேட்ட பிறகும் நான் அஸர் தொழுகைக்கு முன்பாகவே மேசைக்குப் போய் எங்கள் இருவர் பெயரையும் மாற்றி எழுதச் சொன்னேன். குமாஸ்தா மகிழ்ச்சியோடு கைகுலுக்கினார். அங்கிருந்த பலரும் என்னை நல்ல தம்பி என்று பாராட்டினார்கள்.

முதல் கப்பல் போயிற்று. சொன்ன நாளுக்கு அடுத்த கப்பல் வரவில்லை. அதற்கடுத்துச் சொன்ன நாளுக்கும் வரவில்லை. அக்கா ஒன்றும் கேட்கவில்லை. விடியலில் உதடசைத்துச் சலாம்களை எண்ணுவதும், பகலில் அரிசி பொறுக்குவதுமாக இருந்தார். நானே நாளுக்கு மூன்று முறை மேசைக்குப் போய் நின்று குமாஸ்தாவின் முகச்சுளிப்பை வாங்கி வந்தேன். ஒருவழியாகக் கப்பல் வந்தது. ஏறினோம்.

அறை அவர்கள் சொன்னபடியே இருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. முதல் நாள் அக்கா கட்டிலில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு, "மச்சு வூட்டுக்கு வந்த புது மருமக மாதிரி இருக்குது" என்றார். எனக்கு உள்ளம் குளிர்ந்தது. மறுநாள் காலை நான் தொழுதுவிட்டுத் திரும்பியபோது அவரை அறையில் காணவில்லை. தேடிக்கொண்டு போனேன். கீழ்த்தளத்துக்கு இறங்கும் இரும்பு ஏணியில், முதுகைக் காட்டியபடி, ஒரு கையால் கம்பியையும் மறுகையால் சேலையையும் பிடித்து இறங்கிக்கொண்டிருந்தார். கீழேயிருந்து இரண்டு பெண்கள் அவர் காலை எடுத்துப் படியில் வைத்து விட்டார்கள்.

"அக்கா! என்ன பண்றே?"

"ரூமுல பேச ஆளில்லடா. செவுத்தப் பாத்து எவ்வளவு நேரம் உக்காந்திருக்கறது? இங்க பொம்பளைங்க வாந்தி எடுத்துட்டுக் கெடக்கறாங்க. அந்தப் புளி டப்பாவ எடுத்தா."

அன்றிலிருந்து கப்பல் கரை சேரும்வரை அவர் தினமும் அந்த ஏணியில் இறங்கினார், ஏறினார். புளியை நெல்லிக்காயளவு உருட்டி உப்புத் தொட்டு ஒவ்வொருத்தி வாயிலும் வைத்தார். நான் டப்பாவை மேலிருந்து நீட்டினேன். அவர் முழங்கால் வலித்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் வலிக்கவில்லை என்று சொல்லிவிடுவாரோ என்று அஞ்சினேன்.

ஜித்தாவில் இறங்கியபோது ஹஜ்ஜு நெருங்கிவிட்டது. மதீனாவுக்குப் போக இனி நேரமில்லை, நேரே மக்கா என்று அனுப்பினார்கள். ஹஜ்ஜை அக்கா முழுமையாக நிறைவேற்றினார். கூட்டத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கடமையையும் செய்தார். அந்த வகையில் அவர் ஆசை வீண்போகவில்லை. மதீனா போவது ஹஜ்ஜின் கடமைகளில் சேராது என்பதையும் தங்களுக்குச் சொல்லிவைக்கிறேன். ஆனால் அவர் சுமந்துவந்தவை மதீனாவுக்கானவை.

ஹஜ்ஜின் கடைசிக் கடமைகள் நடக்கும் மினாவிலிருந்து திரும்பிய அன்றே அவருக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் கண்டன. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நல்ல வைத்தியம் செய்தார்கள். எங்களுக்கு மதீனா பஸ் குறித்திருந்த நாளில் அவரால் தலையைத் தூக்க முடியவில்லை. அதற்கு முந்தின மாலை வாணியம்பாடிக்காரர் எங்களைத் தேடிக்கொண்டு மனைவியோடு வந்தார். அவர்கள் ஹஜ்ஜுக்கு முன்பே மதீனாவில் தங்கி, நிதானமாக எல்லாம் பார்த்துவிட்டிருந்தார்கள். அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு அக்கா, "அங்க பொம்பளைங்களுக்கு எந்தப் பக்கம்? கிட்டப் போக விடறாங்களா? சத்தமா சொல்லலாமா, மனசுக்குள்ளயா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வாணியம்பாடிக்காரர் என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார். கேலி பேசும் அந்த மனிதர் அன்று ஒரு கேலியும் பேசவில்லை. அது எனக்குப் பெரும் தண்டனையாக இருந்தது.

அவர்கள் போனதும் அக்கா சொன்னார்: "நீ போய்ட்டு வாடா. நானு சொல்லிக் குடுக்கறேன், மனசுல வாங்கிக்க. தெரு முக்குலருந்து ஆரம்பிக்கறேன்."

ஆரம்பித்தார். முதல் வீடு, இரண்டாம் வீடு, மூன்றாம் வீட்டு மருமகள், அவள் தாயார். பள்ளிவாசல் திருப்பம் வந்ததும் நின்றுவிட்டார். கண்கள் என் தலைக்கு மேலே எதையோ தேடின. "அப்புறம் யாரு? அந்த வூடு... சன்னல் பச்சையா இருக்குமே..." என்றவர், காய்ச்சல் வேகத்தில் வேறெதையோ பேசத் தொடங்கினார். கப்பலிலும் ரயிலிலும் ஒருநாளும் தவறாத வரிசை தவறிவிட்டது. இவரை இந்த நிலையில் விட்டுப் போனால் திரும்பிவரும்போது இருக்கமாட்டார் என்று எண்ணிவிட்டேன். பஸ் போயிற்று. நான் போகவில்லை.

அவர் பிழைத்தார். நான் போயிருந்தால் பாதிச் சலாமாவது சேர்ந்திருக்கும். இதையும் சேர்த்தே என் மனம் இன்றுவரை எடை போடுகிறது. அவர் எழுந்து உட்கார்ந்தபோது திரும்பும் கப்பலின் நாள் வந்துவிட்டது.

திரும்பும் பயணத்தில் எங்களுக்குக் கீழ்த்தளத்துப் படுக்கைதான்.  ஒரு விடியலில் பார்த்தேன், அக்காவின் உதடுகள் பழையபடி அசைந்துகொண்டிருந்தன. வரிசை அவருக்குத் திரும்பக் கிடைத்துவிட்டிருந்தது.

"இனி எதுக்கு அக்கா இது?" என்றேன்.

"திருப்பிக் குடுக்கணும்ல. கலந்து போச்சுன்னா யாருது யாருதுன்னு தெரியாது."

மொரப்பூர் ரயிலடியில் ஊரே மாலையோடு நின்றது. வீடு வந்ததும் பெண்கள் அக்காவின் கையை முத்தமிட்டு, பேரீச்சம்பழமும் மக்காவின் புனித ஊற்றான ஜம்ஜம் தண்ணீரும் வாங்கிக்கொண்டு, "எங்களுத சொன்னீங்களா?" என்று கேட்டார்கள். "நானே உங்க வூட்டுக்கு வந்து சொல்றேன்" என்று ஒவ்வொருத்தியிடமும் அக்கா சொன்னார். ஹாஜியம்மா வீடு தேடி வருவது பாக்கியம் என்று அவர்கள் மகிழ்ந்து போனார்கள்.

மறுநாள் காலை தெரு முனையிலிருந்து தொடங்கினார். நான் கூடப் போனேன். முதல் வீட்டில் உட்கார்ந்ததும் அவர் சொன்னது இதுதான்: "நீங்க குடுத்த சலாம் எங்கிட்டயே இருக்குது. மதீனாவுக்கு நானு போய்ச் சேரல. ஒடம்பு ஒத்துக்கல. திருப்பி வாங்கிக்குங்க. இத்தன நாளு வெச்சிருந்ததுக்கு மாப்பு குடுங்க."

நான் குறுக்கிட்டேன். "ஒடம்பு இல்லீங்க. முன்னாடி கப்பல்ல போயிருந்தா மதீனா பாத்திருக்கலாம். நான்தான் ரூமுக்கு ஆசப்பட்டு மாத்தினேன்."

அந்த வீட்டம்மா என்னைத் தேற்றத் தொடங்கிவிட்டார். "என்னாங்க பாய் நீங்க! மூட்டுவலிக்காரங்கள ஏணியில எறக்குவாங்களா? உங்கள மாதிரி தம்பி யாருக்குக் கெடைக்கும்?"

அடுத்த வீட்டிலும் சொன்னேன். அங்கும் அதுவே கிடைத்தது. நான் எங்கே போய் என் குற்றத்தை வைத்தாலும் அதை எடுத்துத் துடைத்து, நற்குணமாக்கி, என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்கள். அக்காவுக்குத்தான் ஏச்சும் கிடைத்தது. "இதுக்கா அவ்வளவு தூரம் போனீங்க? எம் மவளுக்குக் கொழந்த நிக்கணும்னு சொல்லியனுப்பினேனே" என்று ஒருத்தி கோபித்துக் கதவோரம் திரும்பிக்கொண்டாள். அக்கா அதையும் உட்கார்ந்து கேட்டு, கையூன்றி எழுந்து, அடுத்த வீட்டுக்கு நடந்தார். மூன்றாம் வீட்டுக்குப் பிறகு என்னிடம், "நீ வாய மூடிட்டு வாடா. நானு திருப்பிக் குடுக்க வந்தா, நீ பாராட்டு வாங்கிட்டு வரே" என்றார். அவர் என்மேல் கோபப்பட்டது அந்த ஒரு முறைதான்.

கடத்தூர்ப் பக்கத்து அம்மாள் அந்த வாரம் மண்டிக்கு வந்தபோது அவரிடமும் அக்கா சொன்னார். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அட என்னுங்கக்கா, திருப்பிக் குடுக்கறதுக்கு அது என்ன கைமாத்துக்கு வாங்கின படி அரிசியா? உங்ககிட்டயே இருக்கட்டுமுங்க. நீங்களும் இப்போ பெரியவங்கதானே" என்றார். அக்காவும் சிரித்துவிட்டார். ஊர் திரும்பிய பின் நான் கேட்ட முதல் சிரிப்பு.

தெருக்கோடியில் பாத்திர வியாபாரி வீட்டை மட்டும் அவர் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். அந்த அம்மையார் நாங்கள் மக்காவில் இருந்தபோது மௌத்தாகி அடக்கமும் ஆகிவிட்டார் என்பதை ரயிலடியிலேயே சொல்லியிருந்தார்கள். ஒருநாள் மாலை கிளம்பினார். தோழியின் மகள் எங்களைக் கண்டதும் பாயை விரித்தாள்.

"அம்மா டெய்லியும் கேட்டுக்கிட்டே இருந்தாங்க அத்தை. 'சொன்ன தேதிக்கே கப்பல் ஏறியிருப்பாங்கல்ல, இன்னேரம் மதீனா போயிருப்பா. இன்னேரம் சொல்லியிருப்பா'ன்னு. கடைசி அன்னைக்குக்கூட, 'எம் பேரு அங்க போயிருச்சுடி'ன்னு சொன்னாங்க. சந்தோசமாத்தான் போனாங்க."

நாங்கள் கப்பல் மாறிய சேதி அப்போது ஊருக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்த அம்மையார் கணக்குத் தப்பவில்லை. முதல் கப்பலில் போயிருந்தால் அவர் உயிரோடு இருக்கும்போதே அந்தப் பெயர் அங்கே சொல்லப்பட்டிருக்கும். அவர் கண்மூடிய நாளில் அவர் சலாம் மக்காவின் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலில், காய்ச்சல் கண்ட என் அக்காவின் வாய்க்குள் கிடந்தது.

அக்கா கையூன்றிப் பாயில் உட்கார்ந்தார். பிறகு, "குடுக்க வந்தேன் கண்ணு. வாங்கிக்க அவ இல்ல" என்று மட்டும் சொல்லி, நடந்ததைச் சொன்னார். மகள் அழுதாள், கோபிக்கவில்லை. "நான் வாங்க மாட்டேன் அத்தை. அது அம்மா உங்களுக்குக் குடுத்தது. நீங்களே வெச்சிருங்க" என்றாள். என் வாய் திறக்கவில்லை. இந்த ஒரு வீட்டில் நான் பேசியிருந்தால் அந்தப் பெண் என்னைத் திட்டியிருக்கக்கூடும். அந்தத் திட்டைத்தான் நான் தெரு முழுக்கத் தேடி நடந்தேன். இருந்தும் பேச முடியவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து எங்கள் தெருவிலிருந்து ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் மனைவியோடு ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். பெண்கள் பழையபடி சலாம் கொடுக்கப் போனார்கள். அக்காவும் போய் அந்தக் கூட்டத்தில் ஒருவராக உட்கார்ந்தார். முறை வந்ததும் இரண்டு சலாம் கொடுத்தார். ஒன்று அவருடையது. மற்றது தோழியினுடையது. ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட அந்த அம்மாள் எளிதாக, "சேத்துச் சொல்லிடறேங்க்கா" என்றார்.

"சேத்து வேணாம்மா. தனித்தனியா சொல்லுங்க. அவ ரொம்ப நாளா காத்துட்டு இருக்கறா."

அவர்கள் திரும்பியதும் அக்கா கேட்ட முதல் கேள்வியும் அதுதான். தனித்தனியாகவே சொன்னதாக அந்த அம்மாள் சத்தியம் செய்தார். அன்றிரவு அக்கா இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டார் என்று என் மனைவி சொன்னாள். அந்த வாரமே நான் நல்ல அறையை ஒழித்து அவருக்குக் கொடுத்தேன். மறுக்காமல் வந்து படுத்தார். என் முகம் வாடிவிடக்கூடாது என்பதற்காக இருக்கலாம். நான் கேட்கவில்லை.

அவர் மதீனாவைப் பாராமலேயே, எழுபதுகள் முடியுமுன் காலமானார். அதன்பின் எனக்கு வசதி இருந்தும் நான் அங்கே போகவில்லை. அவருக்குக் கிடைக்காததை நான் மட்டும் போய்ப் பார்க்க மனம் துணியவில்லை. அது சரியா என்றும் எனக்குத் தெரியவில்லை. ஏணியில் அவர் விழுந்திருக்கலாம், முதல் கப்பலிலும் காய்ச்சல் வந்திருக்கலாம் என்று என்னைத் தேற்றும் பலர் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. அரிசியிலிருந்து தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்தாரே, அந்தப் பார்வைக்கு முன் அந்த நியாயம் நிற்பதில்லை.

ஊரில் இன்று கேட்டால், உடல்நலக் குறைவால் அவர் மதீனா போகவில்லை என்றுதான் சொல்வார்கள். அவர் சொல்லிக் கொடுத்ததையே சொல்கிறார்கள். கப்பல் மாறியதும், யாருடைய ஆசைக்காக மாறினோம் என்பதும், அவர் ஒவ்வொரு சலாத்தையும் கெடாமல் கொண்டுவந்து வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்ததும் வேறெங்கும் எழுதப்படவில்லை. ஐயா, அம்மா, இந்தத் தாள்களைத் தாங்கள் பத்திரமாக வைத்திருக்க வேண்டுகிறேன்.